எங்கள் வாசலில் மாமியின் டியூட்டி

காலை எட்டு மணிக்கு நான் மடிக்கணினியைத் திறக்கும்போது, அறைக்கு வெளியே விறாந்தைப் படியில் ஒரு பிளாஸ்டிக் பேசின் வைக்கப்படும் சத்தம் கேட்கும். அதற்குள் இறால் இருக்கும், அல்லது பயற்றங்காய், அல்லது உருவ வேண்டிய முருங்கையிலை. அதைத் தொடர்ந்து மாமியின் குரல் வரும்.

"மனே, ஏறிட்டியா?"

டியூட்டியில் ஏறிவிட்டாயா என்று கேட்கிறார்.

"ஓம் மாமி, ஏறிட்டன்."

"சரி. நான் இஞ்சதான் இரிக்கன். நீ உன்ட வேலையப் பாரு."

பன்னிரண்டு மணி வரைக்கும் அவர் அந்தப் படியை விட்டு எழும்பமாட்டார். பன்னிரண்டானதும் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "கலாஸ்! எழும்பிச் சோத்தத் தின்னு" என்பார். கலாஸ் என்பது அவர் குவைத்திலிருந்து கொண்டுவந்த சொல். முடிந்தது என்று அர்த்தம். நான் ஒரு வசனத்தின் நடுவில் இருந்தாலும் முடிந்ததுதான். "மிச்சத்தப் பின்னேரம் எழுது. ஒஃப் நேரத்தில வேலை செஞ்சு குடுத்தா மேடத்துக்குப் பழகிப்போகும். மறுகா விடமாட்டாங்க."

மாமி எங்களுக்கு உறவில்லை. மண்டூரில் வாவிக்கரையிலிருந்து மூன்றாவது வளவு எங்களுடையது, நான்காவது மாமியுடையது. நடுவில் கிடுகு வேலி. அம்மாவின் வயதை ஒத்தவராக வேலிக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அவர் எனக்கு மாமி. அவ்வளவுதான்.

நான் வீட்டிலிருந்து எழுதுகிறேன். கடல் கடந்த ஊர்களிலுள்ள கடைகளுக்கும் இணையத்தளங்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் தொழில். தலையணை, நாய்த் தீன், தோட்டத்துக் கதிரை, முகத்துக்குப் பூசும் களிம்பு, எதைப் பற்றிக் கேட்டாலும் எழுதுவேன். பனி அள்ளும் சவளைப் பற்றி மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். பனியை நான் கண்டதில்லை. மூன்றாவது கட்டுரையை எழுதிய அன்று வெயிலில் எங்கள் வாசல் மணலில் கால் வைக்க முடியாமல் கோழிகள் மாமரத்தின் கீழ் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தன.

அப்பா வாவியில் வலை வீசுகிறவர். அம்மா வயல் வட்டையில் களை பிடுங்கப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் ஒரு படிவத்தில் பெருவிரலை அழுத்தாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் நான்தான் முதல். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் படித்து முடித்த பிள்ளை பஸ்சில் ஏறி ஒரு கந்தோருக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கதிரையில் இருந்தால், அதை வேலை என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? "சும்மாதானே வீட்டில இரிக்காள்" என்றது ஊர். காயப்போட்ட மிளகாய்க்குக் காகம் பார்க்க, கரண்ட் பில்காரனுக்குப் படலை திறக்க, தையல் வகுப்புக்குப் போகிறவளின் குழந்தையை அரை மணித்தியாலம் வைத்திருக்க, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அரை மணித்தியாலம் என்றால் எங்கள் ஊரில் மத்தியானச் சாப்பாடு வரைக்கும். குளிரில் நாய்க்குப் போடும் சட்டைகளைப் பற்றி ஒரு கையால் எழுதிக்கொண்டு, மறு கையால் அந்தக் குழந்தையின் வாயிலிருந்து சுவரில் கிறுக்கும் சோக்கட்டியை எடுத்திருக்கிறேன்.

மாமி குவைத்திலிருந்து நிரந்தரமாக வந்துசேர்ந்த மாதம்தான் இது மாறியது. வந்த புதிதில் ஒருநாள் என் அறை யன்னலடியில் நின்று, நான் தட்டச்சுச் செய்வதைக் கால் மணித்தியாலம் பார்த்தார்.

"என்ன வேலை மனே?"

"வெளிநாட்டுக்கு எழுதிக் குடுக்கிற வேலை மாமி."

"மேடமா, சேரா?"

"மேடம்."

"நல்லவவா? நேரத்துக்குச் சாப்பிட விடுவாவா?"

"நான் வீட்டிலதானே சாப்பிர்ரன் மாமி."

"அது சரி. பாஸ்போட் ஆர்ட கையில இரிக்கு? உன்ட கையிலயா, அவட கையிலயா?"

"நான் பாஸ்போட்டே எடுக்கல்ல."

மாமி திடுக்கிட்டுப் போனார். வெளிநாட்டு மேடம், வெளிநாட்டுச் சம்பளம், பாஸ்போட் இல்லை. இதை விளங்கிக்கொள்ள அவருக்கு ஒரு கிழமை பிடித்தது. விளங்கிய பிறகு, என் அப்பா அம்மாவுக்கே வராத மரியாதை அவருக்கு வந்துவிட்டது. அவரும் பத்தொன்பது வருடம் ஒரு வீட்டுக்குள்தான் வேலை செய்தவர். வீட்டுக்குள் செய்வதும் வேலைதான் என்பதை யாரும் அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை பேசினோடு வந்து படியில் இருந்தவர்தான்.

காவல் என்றால் அப்படியொரு காவல். மீன்காரன் எங்கள் படலையடியில் ஹோர்ன் அடிக்க முடியாது. சீட்டுப் பிடிக்கும் அக்கா சத்தமாகச் சிரிக்க முடியாது. சேவல் கூவினால் அதற்கும் ஏச்சு விழும். ஒருநாள் மூன்று பேர் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து இறங்கியிருக்கிறார்கள். எனக்கு ஒரு சம்பந்தம் பேச வந்தவர்கள். அம்மா வட்டைக்குப் போயிருந்தார். மாமி படியிலிருந்து எழும்பாமலே சொன்னாராம், "புள்ள டியூட்டியில நிக்கிது. பன்னெண்டுக்குப் பிறகு வாங்க."

"நாங்க புள்ளையப் பாக்கத்தான் வந்த."

"பாக்கலாம். பன்னெண்டுக்குப் பிறகு பாக்கலாம்."

அவர்கள் திரும்பி வரவேயில்லை. அம்மா மூன்று நாள் மாமியோடு கதைக்கவில்லை. நான் மாமிக்கு ஒரு பக்கெட் மாரி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

இன்னொரு தடவை கிராம சேவகர் குடும்ப விபரம் எடுக்க வந்தார். என் பெயருக்கு நேரே தொழில் என்ன என்று கேட்டபோது அப்பா தயங்கி, "அவள் வீட்டில..." என்று இழுத்தார். மாமிக்குப் பொறுக்கவில்லை. "வெளிநாட்டு வேலை எண்டு எழுதுங்க சேர்" என்றார். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு கையெழுத்துக்காகக் கந்தோருக்குப் போனால், லிகிதர் பதிவைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வெளிநாட்டில எண்டெல்லோ இரிக்கி. எப்ப வந்த நீங்க?" நான் போகவேயில்லை என்பதை நிரூபிக்க எனக்கு இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது.

வீடியோ அழைப்புகளில்தான் பெரிய கூத்து. நான் ஒரு மேடத்தோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது மாமி தேத்தண்ணியோடு உள்ளே வந்தார். கப்பை வைத்துவிட்டுப் போகலாம்தானே? போகவில்லை. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தைக் கண்டதும், முந்தானையை இழுத்துச் செருகி, கைகளை முன்னால் கோத்து, சுவரோடு சுவராக நேராக நின்றுவிட்டார். "குட்மோனிங் மேடம்" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, இவர் உன் அம்மாவா என்று கேட்டாள். இல்லை, அயலவர் என்றேன். அழைப்பு முடியும் வரைக்கும், இருபது நிமிடம், மாமி அப்படியே நின்றார். எத்தனை தடவை கையைக் காட்டினாலும் நகரவில்லை. மேடத்துக்கு முன்னால், அவர் போகச் சொல்லாமல் போகக்கூடாதாம்.

அன்று முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் கைகளைக் கோத்து நின்ற விதம் பிறகுதான் என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது.

ஒருநாள் இறால் உரித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"மனே, நீ அங்க போகாமலே அங்கத்த வேலையச் செய்றா. சமையலும் இப்பிடிக் கம்பியூட்டரில செய்யேலுமா?"

"ஏலா மாமி."

"உடுப்புத் தோய்க்கிறதும் ஏலாதுதான்."

"ஏலா."

இன்னொரு இறாலின் ஓட்டைக் கழற்றினார்.

"புள்ள வளக்கிற?"

நான் சிரித்தேன். "அதெப்பிடி மாமி ஏலும்?"

"ஏலாதுதான்," என்றார். "அது எனக்குத் தெரியும்."

மாமியின் கணவர் இறந்த அடுத்த வருடம், மகளுக்கு மூன்றரை வயதாக இருக்கும்போது, அவர் குவைத்துக்குப் போனார். மகளை வளர்த்தவர் களுதாவளையில் இருக்கும் மாமியின் அக்கா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் மாமி வருவார், போவார். அப்படிப் போய் வந்ததில் கட்டியதுதான் பக்கத்து வளவிலுள்ள வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. மகளுக்குக் கல்யாணமானால் வீட்டை அவள் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன இடத்துக்கு மாறிவிடுவார்கள். மாமியும் அப்படித்தான் செய்தார். வீட்டை மகளுக்கு எழுதினார், களுவாஞ்சிக்குடியில் கடையொன்றில் வேலை செய்யும் மருமகன் வந்து சேர்ந்தான், மாமி குசினியோடு ஒட்டிய ஒற்றை அறைக்குப் போனார். அதில் குறையேதுமில்லை. ஊரில் எல்லா அம்மாக்களும் செய்கிறதுதான்.

ஆனால் மற்ற அம்மாக்கள் பெரிய வீட்டுக்குள் வந்து மகளை அதட்டுவார்கள், மருமகனின் கறியில் புளி கூட என்பார்கள், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாய்கதிரையில் படுப்பார்கள். மாமிக்கு அது வரவில்லை. விடிய ஐந்து மணிக்கு எழும்பி முற்றம் கூட்டினார். மருமகனின் சேட்டுக்கு இஸ்திரி போட்டு மினுக்கி வைத்தார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு குசினியில் நின்றுகொண்டே சாப்பிட்டார். தான் வாங்கிப் போட்ட சோபாவில் அவர் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டு வாசலில் நின்று மகளோடு கதைத்துக்கொண்டிருந்தேன். மாமி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"மகள், நான் இப்ப குளிக்கட்டா?"

மகள் நிலத்தைப் பார்த்தாள். "ஏனம்மா என்னட்டக் கேக்கிறீங்க?"

"இல்ல, உனக்கு ஏதும் வேலை இரிக்கோ எண்டு."

மாமி கிணற்றடிக்குப் போன பிறகு மகள் குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள், "அவ கட்டின வீடு அக்கா இது. அவ வெட்டுவிச்ச கிணறு. குளிக்க என்னட்டக் கேக்கிறா. பாக்கிற சனம் என்ன சொல்லும்? தாய வேலைக்காரியா வச்சிரிக்காள் எண்டுதானே சொல்லும்?"

"நீ சொல்லிப் பாக்கல்லியா?"

"என்னெண்டு சொல்ற? எனக்கு அவவோட கோவிக்கவும் வருகுதில்ல. பெரியம்மா எண்டா ஏசிப்போடுவன். அவவ விருந்தாளிய ஏசுற மாதிரி இரிக்கி."

இருவர் மேலும் எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஆனால் அந்தப் பரிதாபத்தோடு நான் எழும்பி வந்து என் வேலையைப் பார்த்தேன்.

மாமி இப்போது இல்லை. இரண்டாவது தடவை குவைத்துக்குப் போய்ப் பதினான்காவது மாதம், ஒரு காலையில் அவர் வேலைக்கு எழும்பவில்லை. நித்திரையிலேயே போய்விட்டார் என்று அந்த வீட்டு மேடம் அழுதுகொண்டு சொன்னார். பேத்தியை அவர் போனில்தான் கண்டிருந்தார். இறந்த வீட்டுக்கு வந்தவர்கள், "பாவம், உழைச்சு உழைச்சே போயிற்றா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வயதில் அவர் எதற்காகத் திரும்பவும் போனார் என்பது அவர்களில் எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அவரை அனுப்பியதில் என் கையும் இருந்தது.

மகள் உண்டான செய்தி தெரிந்த நாளில் மாமி எட்டு மணி டியூட்டிக்கு எட்டரைக்குத்தான் வந்தார். முதலும் கடைசியுமாகப் பிந்தியது அன்றைக்குத்தான். கையில் சுளகு. சுளகில் மிளகு, கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மஞ்சள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறிக்கு அரைக்கும் சரக்கு. எங்கள் முற்றத்தில் காயவைக்கலாமா என்று கேட்டார்.

"இன்னும் ஏழு மாசம் கிடக்கே மாமி. உங்கட வாசலில வெயில் இல்லியா?"

"அவள் கண்டா, இப்ப ஏனம்மா இந்த வேலை எண்டுவாள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு நான் ஒண்டும் செய்யல்ல மனே. குளிப்பாட்டல்ல, பள்ளிக்குக் கூட்டிப் போகல்ல, பெரியபுள்ளையான நேரமும் நான் இல்ல. இந்தப் புள்ளைய நான்தான் குளிப்பாட்டுவன். இது ஒண்டு எனக்குக் கிடைச்சாக் காணும்."

அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் அந்தச் சரக்கு எங்கள் முற்றத்தில் காய்ந்தது. படியில் இருக்கும் நேரமெல்லாம் பழைய வெள்ளைச் சீலைகளைக் கிழித்து, மடித்து, குழந்தைத் துணி தைத்தார். தைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுப்பார். உள்ளே கணினியின் முன்னால் எனக்கு அது கேட்கும். அந்த நாட்களில் மாமி எனக்குத் தேத்தண்ணி தர மறந்துகூடப் போனார்.

மகளுக்கு ஆறு மாதம் நடக்கும்போது ஒருநாள், பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்படவில்லை. பன்னிரண்டரைக்கு நானே எழும்பிப் போனேன். மாமி படியில் இருந்தார். பேசின் வெறுமையாகக் கிடந்தது.

"என்ன மாமி, கலாஸ் இல்லியா இண்டைக்கு?"

"என்னை நிப்பாட்டியாச்சு மனே," என்றார்.

"ஆர் நிப்பாட்டின?"

"மகள்தான். காலத்தால சொன்னாள். பெரியம்மா வந்து நிப்பாவாம். பிள்ளப்பெறு பாக்க, பத்தியம் வைக்க, குழந்தையக் குளிப்பாட்ட, எல்லாத்துக்கும் அவதானாம். நீங்க சும்மா இரிங்க, இனி ஒரு வேலையும் செய்ய வேணாம் எண்டுட்டாள்."

நான் சிரித்துவிட்டேன். "நல்ல விசயம்தானே மாமி! வாழ்நாளெல்லாம் செஞ்ச நீங்க. இனிச் சும்மா இரிங்களன்."

மாமி என்னைப் பார்த்தார். மகள் சொன்னதையே நானும் சொல்லிவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

"உனக்குத் தெரியா மனே," என்றார் மெதுவாக. "அங்க ஒரு வீட்டில, நீ இனிச் சும்மா இரி, வேலை செய்ய வேணாம் எண்டு சொன்னா, அடுத்த நாள் டிக்கெட் போட்டிருவாங்க. எத்தின பேருக்கு நடந்த. எனக்கு அந்தச் சொல்லுத் தெரியும்."

பேசினைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலை வழமைபோல எட்டு மணிக்கு வந்தார். நானும் அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை, பின்னேரம் மூன்று மணியிருக்கும், போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். குவைத்தில் அவர் வளர்த்த பிள்ளைகளில் மூத்தவனின் மனைவி பிள்ளை பெற இருக்கிறாளாம். பழைய மேடம் வரச் சொல்லிக் கேட்கிறாராம். வாயால் சொன்னால் போதாது, விசாவுக்கு இங்கிலீசில் எழுத்தில் வேண்டுமாம்.

"எழுது மனே. வாறன் எண்டு எழுது."

"மகளுக்குத் தெரியுமா மாமி?"

"அவளுக்கு நான் சொல்லுவன். நீ சொல்லாத."

அன்று எனக்கு மெத்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை முடிக்கக் கிடந்தது. ஆனாலும் எழுதினேன். பத்து நிமிடத்தில் எழுதினேன். இதைச் சொல்ல வேண்டும்: அது நல்ல கடிதம். எங்கள் பகுதியில் உள்ள எந்தப் படித்த ஆளும் அதைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது. பத்தொன்பது வருட நம்பிக்கையான சேவை, நேரம் தவறாமை, பொறுமை, குழந்தை வளர்ப்பில் நீண்ட அனுபவம், எல்லாம் அதில் இருந்தன. வசனம் வசனமாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"குழந்தை வளப்பில நீண்ட அனுபவம்," என்று மாமி திரும்பச் சொல்லிப் பார்த்தார். "அது சரிதான். அவங்கட மூண்டையும் நான்தான் வளத்த."

பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு கெதியா எழுதிப்போட்டியே."

"இதென்ன மாமி பெரிய வேலை."

"இத இப்பவே அனுப்போணுமா?"

"இப்பவே அனுப்பலாம் மாமி. ஒரு நிமிசம்." அழுத்தினேன். "போயிட்டு."

போவதற்கு நேரமெடுக்குமோ என்று கேட்கிறார் என நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. என் எதிரே நின்றவரின் முகத்தை நான் பார்க்கவில்லை, என் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் என் கணினியில் கிடக்கிறது. திருத்துவதற்கு அதில் ஒரு எழுத்தும் இல்லை.

அரை மணித்தியாலத்தில் அந்தப் பக்கமிருந்து மேடத்தின் குரல் வந்தது. அரபியில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கதைத்தார். மாமி படியில் நின்று கேட்டார். "சந்தோசப்படுறா," என்று மட்டும் சொன்னார்.

விசா வர ஐந்து கிழமை பிடித்தது. மாமி மகளிடம் சொல்லவில்லை. என்னைச் சொல்ல வேண்டாமென்றதால் நானும் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு விசயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது ஏஜென்சிக்காரன் தவறி மகளின் போனுக்கு எடுத்துவிட்டான்.

அன்று பின்னேரம் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நிறைமாதத்துக்கு நெருங்கிய வயிறு. மாமி வழமையாக இருக்கும் அதே படியில், கையை ஊன்றி மெல்ல இருந்தாள்.

"கடிதம் நீங்களா அக்கா எழுதின?"

"ஓம்."

"ஏன் போறா எண்டு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. ஆனால் மாமி சொன்னதைச் சொன்னேன். நிப்பாட்டியாச்சு என்றதை, சும்மா இரு என்ற சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் என்பதை, எல்லாம் சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

"முழங்கால் ரெண்டும் வீங்கியிரிக்கு அவக்கு. எண்ண தேச்சுக்கொண்டு தனிய முனகிறது எனக்குக் கேக்கும். இந்த வீட்டிலயாவது ஒருத்தருக்கும் வேலை செய்யாம இரிக்கட்டும் எண்டுதான் நான் பெரியம்மாவ வரச் சொன்ன. என்ட அம்மா கதிரையில இரிந்து என்ட புள்ளய மடியில வச்சிரிக்கிறதப் பாக்கோணும் எண்டு எனக்கு ஆசை அக்கா."

"இதப் போய் அவட்டச் சொல்லு. வேலிக்கு அந்தப் பக்கம்தானே இரிக்கா. இப்பவே எழும்பு."

"ஏலா அக்கா. முகத்தப் பாத்தா எனக்கு வராது. நாங்க போனிலதானே கதைச்சுப் பழகின."

எழுதித் தரட்டா என்று கேட்டேன். வேண்டாம், அம்மாவுக்கு வாசிக்க வராது என்றாள். போனை எடுத்து, குரல் செய்தி பதியும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"அம்மா, நான் உங்கள நிப்பாட்டல்ல. உங்களுக்குக் கால் ஏலாதெண்டுதான் அப்பிடிச் சொன்ன. எனக்கு நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம். பக்கத்தில இரிந்தாக் காணும். போகாதீங்க அம்மா."

விரலை எடுத்தாள். வேலிக்கு அப்பால் மாமியின் போன் சத்தமிட்டது. பிறகு அந்தச் சின்ன அறைக்குள்ளிருந்து மகளின் குரல் எங்களுக்கே கேட்டது. போகாதீங்க அம்மா. மாமி போனின் சத்தத்தை எப்போதும் உச்சத்தில்தான் வைத்திருப்பார். முடிந்ததும் திரும்பவும் போட்டார். மூன்றாம் தடவையும் போட்டார். அதன் பிறகு சத்தமில்லை.

நாங்கள் இருவரும் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தோம். படலை திறந்து அவர் வருவார் என்று நான் நினைத்தேன். பத்து அடி தூரம்.

வரவில்லை. மகளின் போன் ஒலித்தது. அவள் அதை என் பக்கம் நீட்டினாள், தானே கேட்கப் பயந்தவள் போல. நான் அழுத்தினேன்.

"மகள், அம்மா கதைக்கன். சாப்பிட்டியா? நேரத்துக்குச் சாப்பிடு. பெரியம்மாட சொல்லுக் கேட்டு நடக்கோணும். அம்மா வாறன் எண்டு சொல்லுக் குடுத்திட்டன், அங்க பாத்துக்கொண்டிரிக்காங்க மகள். ரெண்டு வருசம்தானே. கெதியா ஓடிப்போயிரும். அம்மா வந்திருவன். நீ அழக்கூடாது, என்ன?"

மாமி அப்படிக் கதைத்து நான் கேட்டதேயில்லை. ஒரு சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல, மெல்லிய குரலில், கொஞ்சம் அவசரமாக.

"இதுதான் அக்கா," என்றாள் மகள். "நான் சின்னதா இரிக்கக்குள்ள வெள்ளிக்கிழமையில பெரியம்மாட போனுக்கு எடுப்பா. அஞ்சு நிமிசம். எல்லா வெள்ளியும் இதேதான் சொல்லுவா. ஒரு சொல்லு மாறாது."

"நீ என்ன சொல்லுவாய்?"

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"ஓம் அம்மா," என்றாள். "வரக்குள்ள எனக்கு என்ன கொண்டு வருவீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் மாமியின் போன் ஒலித்தது.